ஒன்றும் தெரியாது என்பதற்கான சான்றிதழ்

லென்ஸ் அக்காவுக்குத் தம்பியிடமிருந்து வந்த கடிதத்தில் மொத்தம் ஏழு வரிகள். ஐந்து வரிகளின் மேல் கறுப்பு மை பூசியிருந்தார்கள். மிஞ்சியவை இரண்டு. ‘அக்கா, நல்லா இருக்கியா’ என்று ஒன்று. ‘ஆடிப் பாரு, அப்புறம் பேசலாம்’ என்று இன்னொன்று. அடியில் ஊதா நிற முத்திரை: ‘ஆய்வு செய்யப்பட்டது. முன்னறிவு ஏதும் இல்லை.’

அக்கா வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். கடையின் பின்னறையில், தண்ணீர் சொட்டிக்கொண்டே சுற்றும் சாணைச் சக்கரத்தில், லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் தொழில். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறாள். அந்தத் தெருவில் அவள் சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை, லென்ஸ் அக்காதான். கடிதத்தை லென்ஸ் சோதிக்கும் விளக்கின் முன் பிடித்துப் பார்த்தாள். அரை மில்லிமீட்டர் கீறலையும் காட்டிக்கொடுக்கும் விளக்கு அது. மையின் அடியில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. வேலையில் கெட்டிக்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

தம்பி வீடியோ கேம் உருவாக்குகிறவன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது, ‘விளையாடுறதெல்லாம் ஒரு வேலையாடா’ என்று அக்கா கேட்டிருந்தாள். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அவன் முகம் சுண்டிப்போனது. அதுதான் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது. பிறகு ஒருநாள் கூப்பிட்டு, நான் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்லலாம் என்று பார்த்தால், அதற்குள் அவன் கேம் செய்யும் வேலையில் சேர்ந்துவிட்டான், சட்டம் குறுக்கே நின்றது.

சட்டம் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருபது வருடங்களுக்கு முன்பு, பெரிய பதவியில் இருந்த ஒருவர் ஒரு கேமைப் பாதிவரை ஆடிவைத்துவிட்டு முடிவெட்டிக்கொள்ளப் போனார். முடிதிருத்துபவர் பேச்சுவாக்கில், ‘கொலை பண்ணது தோட்டக்காரன்தான் சார்’ என்று சொல்லிவிட்டார். ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு எழுந்துபோன அந்தப் பெரியவர், அந்த வாரமே ‘விளையாட்டு முன்னறிவுத் தடுப்பு வாரியம்’ அமைத்தார். எந்தக் கேமையும் ஒன்றும் தெரியாமல்தான் ஆட வேண்டும். ஒன்றும் தெரியாது என்று வாரியம் சான்றிதழ் கொடுத்தால்தான் கேம் கையில் கிடைக்கும். கேமை உருவாக்குகிறவர்கள், அதை ஆடி முடிக்காத யாரோடும் பேசக் கூடாது. குரல் தழுதழுத்தால்கூட அது ஒரு துப்பு என்று சட்டத்தின் விளக்கக் குறிப்பில் இருந்தது.

இப்படி மூன்று வருடம் போயிற்று. தம்பியின் கேம் இப்போது வெளிவந்துவிட்டது. அதை ஆடி முடித்தால் அவனோடு பேசலாம். வாழ்க்கையில் எந்த விளையாட்டையும் ஆடியறியாத அக்கா, ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனாள்.

வாரியம் ஆறு மாடிக் கட்டடம். வாசலிலேயே எல்லோர் பையையும் சோதித்தார்கள். காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து எதையும் ஊகித்துவிடக் கூடாதாம். அக்கா இரண்டு மணிநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர் தும்மினார். உடனே ஒரு காவலர் வந்து, எதற்காகத் தும்மினீர்கள் என்று விசாரித்து எழுதிக்கொண்டு போனார்.

கவுன்ட்டர்காரர் முதல் படிவத்தைக் கொடுத்தார். ‘இந்த விளையாட்டைப் பற்றி உமக்குத் தெரியாதவற்றை இருநூறு சொற்களுக்குக் குறையாமல் எழுதுக’ என்று அதில் போட்டிருந்தது. அக்கா ‘ஒன்றும் தெரியாது’ என்று எழுதிக் கொடுத்தாள். அவர் எண்ணிப் பார்த்தார். இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன, இன்னும் நூற்றுத் தொண்ணூற்றெட்டு வேண்டும் என்றார்.

“ஒண்ணும் தெரியாதுன்னா அவ்வளவுதானேங்க?”

“அப்படி மொட்டையா சொன்னா எப்படிம்மா. என்னென்ன தெரியாதுன்னு விவரமா சொல்லணும். தெரியாதது எதுன்னே தெரியலேன்னா, தெரியாதுன்னு நீங்க சொல்றதை நாங்க எதை வெச்சு நம்புறது?”

பிறகு அக்காவின் விண்ணப்பத்தில் உறவுமுறைக் கட்டத்தைப் பார்த்தவர், பேனாவைக் கீழே வைத்தார். உருவாக்கியவரின் உடன்பிறப்பு. உள்ளே போய் மேலதிகாரியிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். அந்த நிமிடத்திலிருந்து அக்காவின் கோப்பு வெள்ளை அட்டையிலிருந்து சிவப்பு அட்டைக்கு மாறியது.

சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேறு படிவம். நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நேரே ‘தெரியாது’ என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். அக்கா பொறுப்பாக ஒவ்வொன்றாகப் படித்தாள்.

‘கேள்வி 3: விளையாட்டின் நாயகன் ஆற்றைக் கடக்கவைக்கும் ஒரு படகோட்டி என்பது உமக்குத் தெரியாது என உறுதியளிக்கிறீரா?’

தெரியாது என்று டிக் செய்தாள். செய்த பிறகுதான், இப்போது தெரிந்துவிட்டதே என்று உறைத்தது. அடுத்த கேள்விக்குப் போனாள். ஆறு ஒவ்வொரு தடவையும் அகலமாகிக்கொண்டே போகும் என்பது தெரியாது. பயணிகள் எல்லோரும் படகோட்டி ஒருகாலத்தில் மனம் நோகச் செய்தவர்கள் என்பது தெரியாது. பதினான்காவது கேள்வியில் கை நின்றது.

‘படகின் பின்னால் குடையோடு உட்கார்ந்து, கடைசிவரை வாய் திறக்காமல் வரும் பெண், படகோட்டியின் அக்காதான் என்பது உமக்குத் தெரியாது என உறுதியளிக்கிறீரா?’

அக்கா அந்த வரியை மூன்று தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்காம் தடவை படித்தாள். மூன்று வருடமாகத் தம்பி தன்னை நினைத்தானா மறந்தானா என்று அவள் மருகாத நாள் இல்லை. அதற்கான பதில் இப்படி ஒரு படிவத்தில், டிக் அடிக்கும் கட்டத்தோடு வரும் என்று அவள் கண்டாளா.

படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டாள். எனக்கு எதுவும் தெரியாமல்தான் வந்தேன், இதைப் படித்துத்தான் எல்லாம் தெரிந்துகொண்டேன் என்றாள். கவுன்ட்டர்காரர் திகைத்துப்போனார்.

“படிச்சீங்களா?”

“படிக்காம எப்படிங்க டிக் பண்றது?”

“எல்லாரும் படிக்காமத்தான் பண்றாங்க. நான் ஒன்பது வருஷமா இந்த மாதிரிப் படிவத்தைத்தான் கொடுத்து வாங்குறேன். ஒரு வரி படிச்சதில்ல. படிக்காம கையெழுத்துப் போடுறதுலதான்மா இந்த ஆபீஸே ஓடுது.”

கேள்விகளைத் தயாரித்தவர் யார் என்று அக்கா கேட்டாள். தயாரிப்பவருக்கு விஷயம் தெரிந்துவிடுவதால், படிவம் அச்சுக்குப் போகும் நாளிலேயே அவருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்துவிடுவார்களாம். இப்போது வாரியத்தில் வேலை பார்ப்பவர்களைவிட ஓய்வு பெற்றவர்கள் அதிகம்.

படிவத்தைப் படித்தவர் என்ற குற்றத்துக்காகக் கள ஆய்வு நடந்தது. ஆய்வாளர் ஒல்லியாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவராக இருந்தார். முதலில் வீட்டுக்கு வந்தார். அக்காவின் வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துபவர், அதிகம் பேசாதவர். மனைவி தூக்கத்தில் விளையாட்டின் ரகசியங்களை உளறுவதுண்டா என்று எழுதிக் கேட்டார் ஆய்வாளர். வீட்டுக்காரர் நன்றாக யோசித்து, ‘குறட்டை மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். குறட்டையின் ஏற்ற இறக்கத்தில் சங்கேதம் ஏதும் உண்டா என்று அடுத்த கேள்வி வந்தது. வீட்டுக்காரர் அதில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் ஆய்வாளர் கடைக்கு வந்தார். சுவரில் மாட்டியிருந்த, மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே போகப்போகச் சிறுத்துவிடும் எழுத்துகள் கொண்ட கண் பரிசோதனைப் பலகையின் முன் அரைமணி நேரம் நின்றார். ஒவ்வொரு வரியையும் குறித்துக்கொண்டார். இந்த எழுத்துகளுக்கு அர்த்தம் என்ன என்றார். அர்த்தம் ஒன்றும் இல்லை, கண் தெரிகிறதா என்று பார்க்கத்தான் என்றார் கடை முதலாளி. அர்த்தம் இல்லாத எழுத்தை எதற்காகச் சுவரில் மாட்ட வேண்டும் என்று ஆய்வாளர் கேட்டார். கடைசி வரியை ஆய்வாளரால் படிக்க முடியவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பத்து நாளும் வாடிக்கையாளர்கள் சுவர்க் காலண்டரைப் படித்துக் கண் பரிசோதனை செய்துகொண்டார்கள். என்ன தேதி என்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்ததால் எல்லோருக்கும் கண் நன்றாகவே தெரிந்தது. கண்ணாடி விற்கவில்லை. தெருவும் மாறிப்போனது. பக்கத்துக் கடை தையல்காரர் அக்காவைக் கண்டால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார், அவரும் ஏதோ ஒரு கேமுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாராம். ஒரு கட்டத்தில் அக்காவுக்கே எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. சக்கரத்தின் முன் உட்கார்ந்தால், பின்னால் யாரோ நின்று தன் கையசைவைக் குறிப்பெடுப்பதுபோல் இருந்தது. இரண்டு லென்ஸ்களை அச்சுக் கோணம் மாற்றித் தேய்த்துவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

ஆய்வாளரின் அறிக்கை வந்தது. ‘விண்ணப்பதாரருக்கு ஒன்றும் தெரியாது என்பது இயல்புக்கு மாறான அளவில் இருப்பதால் சந்தேகத்துக்குரியது. அத்துடன் அவருக்கு எல்லாம் தெரியும் என்று அவரே ஒப்புக்கொண்டுள்ளார். இரண்டு காரணங்களுக்காகவும் மறதிப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது.’

மறதிப் பயிற்சி மூன்று வாரம். நான்காம் மாடியில் வகுப்பு. பத்தொன்பது பேர். பயிற்சியாளர் ஒலிப்பதிவை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றுகொள்வார், அவருக்குத் தெரியக் கூடாது என்பதால். ஒலிப்பதிவில் ஒரு குரல் சொல்லும். வகுப்பு திருப்பிச் சொல்ல வேண்டும்.

“குடைக்காரி படகோட்டியின் அக்கா என்பதை நான் மறந்துவிட்டேன்.”

“குடைக்காரி படகோட்டியின் அக்கா என்பதை நான் மறந்துவிட்டேன்.”

“கடைசிப் பயணத்தில் படகு கரை சேராது என்பதை நான் மறந்துவிட்டேன்.”

ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு நூறு தடவை. அக்காவுக்கு முன்வரிசையில் ஒரு கணக்கு டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவர் கோப்பில் யாரோ ஓர் எண்ணை மாற்றி எழுதிவிட்டதால் தவறுதலாகச் சிவப்பு அட்டைக்கு வந்தவர். உண்மையிலேயே எதுவும் தெரியாதவர். முதல் நாள் வகுப்பு முடிந்ததும் அவர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதார். இந்தக் கேமுக்காக இரண்டு வருடமாகப் பேப்பர் படிக்காமல் இருந்தாராம். மூன்றாம் வாரம் முடிவில் வகுப்பில் எல்லோரும் முழுக் கதையையும் வாய்ப்பாடுபோல ஒப்பித்தார்கள். ஒப்பித்தவர்களில் நன்றாக மறந்தவர் என்று கணக்கு டீச்சருக்குப் பரிசு கொடுத்தார்கள். மேடையில் பரிசை வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க அக்காவால் முடியவில்லை.

கடைசிக் கட்டம், வாரியத்தின் முழு அமர்வு. ஆறாம் மாடி. நீள மேஜையின் ஒரு பக்கம் ஏழு உறுப்பினர்கள், நடுவில் தலைவர். எதிரே ஒற்றை நாற்காலியில் அக்கா. சாணைச் சக்கரத்தில் வெட்டுப்பட்ட விரலில் புதிதாகக் கட்டுப்போட்டிருந்தாள். விசாரணைக்கு முன் தலைவர் ஓர் உரை ஆற்றினார். அது நடைமுறையாம்.

“நான் இந்த நாற்காலியில பதினோரு வருஷமா இருக்கேன்மா. இன்னைக்கு வரைக்கும் ஒரு கேம்கூட ஆடினதில்ல. ஏன்? ஆடினா தெரிஞ்சுடும். தெரிஞ்சுட்டா இந்தப் பதவிக்கு நான் தகுதி இல்ல. இங்க உட்கார்ந்திருக்கிற ஏழு பேருமே முதல் தர அறியாமைச் சான்றிதழ் வெச்சிருக்கோம். எந்தக் கேம் பத்தியும் எங்களுக்கு எதுவும் தெரியாது. தெரியாததுனாலதான் எங்களால பாரபட்சமில்லாம முடிவெடுக்க முடியுது. விஷயம் தெரிஞ்சவன் கையில அதிகாரத்தைக் கொடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.”

உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். இந்த உரையை அவர் பதினோரு வருடமாக மாற்றாமல் ஆற்றிவருகிறார் என்றும், அதற்கு முந்தைய தலைவரும் இதையேதான் ஆற்றினார் என்றும் அக்காவை உள்ளே அழைத்துவந்த ஊழியர் பிறகு சொன்னார்.

உரை முடிந்ததும் தலைவர் சிவப்புக் கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான். இந்த விளையாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

தெரியாது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. வெளியே காத்திருந்தபோது ஊழியரும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அக்கா வாயைத் திறந்தாள். ஆனால் கணக்கு டீச்சரின் கவிழ்ந்த தலையும், கடைச் சுவரில் பலகை இருந்த இடத்தில் வெள்ளையாக விழுந்திருந்த சதுரமும் நினைவுக்கு வந்தன. பொய் வரவில்லை.

“எல்லாம் தெரியுங்க” என்றாள். “உங்க ஆபீஸ்தான் சொல்லிக்கொடுத்துச்சு.”

ஏழு பேரும் நிமிர்ந்தார்கள். அது வாரியத்தின்மேல் சுமத்தப்படும் பெரிய குற்றச்சாட்டு என்றார் தலைவர். ஆதாரம் வேண்டும். அப்படி என்னதான் தெரியும், வரிசையாகச் சொல்லுங்கள் என்றார். அக்காவுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

“சரிங்க. ஒரு படகோட்டி இருக்கான். அவன் படகுல பின்னாடி ஒரு பொம்பள குடையோட…”

இடது ஓரத்தில் இருந்த உறுப்பினருக்குத்தான் முதலில் விளங்கியது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். எழுந்தவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்தவர் ஒரு கோப்பை எடுத்து ஒரு காதில் அழுத்திக்கொண்டார், இன்னொரு காதுக்குக் கோப்பு கிடைக்கவில்லை. படகோட்டி என்ற சொல்லைக் கேட்டுவிட்டோமே, இது பணிநீக்கத்தில் சேருமா என்று ஒருவர் தலைவரைக் கேட்டார். தலைவருக்கு அது கேட்கவில்லை, அவர் மேஜைக்கு அடியில் குனிந்திருந்தார்.

அக்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இவர்களுக்கு உடம்புக்கு ஏதோ என்றுதான் நினைத்தாள். பிறகு மெல்லப் புரிந்தது. நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே ஏழு நுணல்கள் தங்கள் காதால் கெட இருந்தன. ஒரு மாதமாகத் தன்னைச் சந்தேகப்பட்டவர்கள் இப்போது தன் வாயைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

“நான் சொல்லலைங்க” என்றாள். “சான்றிதழைக் கொடுத்தீங்கன்னா போயிடுறேன். இல்லைன்னா, நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லாம போனா மரியாதையா இருக்காது.”

மூன்று நிமிடத்தில் சான்றிதழ் தயாரானது. வாரியத்தின் வரலாற்றிலேயே அதுதான் வேகமாகக் கொடுத்த சான்றிதழ். ‘இவருக்கு ஒன்றும் தெரியாது என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்து, ஏழு பேரும் ஒப்பமிட்டிருந்தார்கள். கையோடு கணக்கு டீச்சருக்கும் ஒன்று வேண்டும் என்று அக்கா கேட்டாள். அதையும் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் சான்றிதழை இரண்டு தடவை படித்துப் பார்த்து, பிழை ஏதும் இல்லை, ஃப்ரேம் போட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்றார். அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அக்காவுக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

கேம் வந்தது. அக்கா கடையிலிருந்து வந்ததும் தினமும் ஒரு மணிநேரம் உட்கார்ந்தாள். கதை தலைகீழாகத் தெரியும். ஆனால் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. முதல் நாள் படகை அவிழ்ப்பதற்குள்ளேயே ஆற்றில் பதினேழு தடவை விழுந்தாள். வலது துடுப்பு எந்தப் பொத்தான், இடது துடுப்பு எந்தப் பொத்தான் என்று எந்தப் படிவத்திலும் போட்டிருக்கவில்லை. ஆறு அகலமாகும் என்பது தெரியும், அது அகலமாகும்போது எதிர்க்கரையே கண்ணிலிருந்து மறைந்துவிடும் என்பது தெரியாது. பயணிகள் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். குடைக்காரி ஒவ்வொரு தடவையும் பின்னால் வந்து உட்கார்ந்தாள், பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைசிப் பயணம். கரை சேராது என்று நூறு நூறு தடவை மறந்த படகு. அக்கா விடாமல் துடுப்புப் போட்டாள். வெட்டுப்பட்ட விரல் வலித்தது. இனி முடியாது என்று கையை எடுத்துவிட்டு, விரலை நீவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். திரையில் படகு நின்றது. மழை பெய்துகொண்டிருந்தது. கொஞ்சநேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பின்னால் இருந்த பெண் மெதுவாக முன்னால் நகர்ந்து வந்து, தன் குடையைப் படகோட்டியின் தலைக்கு மேலே சாய்த்துப் பிடித்தாள். தான் நனைந்தாள்.

இது நாற்பது கேள்விகளிலும் இல்லை. ஒலிப்பதிவிலும் இல்லை. அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை, ஆனால் பக்கத்தைத் திருப்பவும் இல்லை.

அன்று மதியம் தம்பிக்குப் போன் செய்தாள். ஆடி முடித்தவர்களின் முதல் அழைப்பில் மட்டும் வாரியத்தின் கண்காணிப்பாளர் ஒருவர் இணைப்பில் இருந்து கேட்பார் என்று அறிவிப்பு ஒலித்தது. பிறகு தம்பியின் குரல் வந்தது. மூன்று வருடத்தில் கொஞ்சம் கனத்திருந்தது. எப்படி இருக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை.

“அக்கா, உண்மையைச் சொல்லு. ஆடுறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?”

அவன் குரலில் கவுன்ட்டர்காரரும் ஆய்வாளரும் தலைவரும் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது அக்காவுக்கு. இவனையும் இப்படி ஆக்கிவிட்டார்களே என்று தோன்றியது. இல்லை என்று சொன்னால் அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

“தெரியும்டா. படிவத்துல எல்லாம் போட்டிருந்தான். நான் யாருங்கிறதைக்கூடப் போட்டிருந்தான்.”

அக்கா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“தெரிஞ்சுதான் ஆடினேன்” என்றாள். “இருந்தும் ஒரு இடத்துல அழுதுட்டேன்.”

“எந்த இடத்துல?” என்றான் தம்பி. குரல் மாறியிருந்தது. அது வீட்டை விட்டுப் போவதற்கு முந்தைய குரல்.

அக்கா சொல்ல வாயெடுத்தாள். அப்போது இணைப்பில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

“மன்னிக்கணும்மா, நான் கண்காணிப்பாளர்” என்றது ஒரு தயங்கிய குரல். “நான் இன்னும் அதை ஆடல. அடுத்த மாசம்தான் எனக்குச் சான்றிதழ் வருது. ஒரு நிமிஷம் இருங்க, நான் வெச்சுடுறேன். அப்புறம் சொல்லுங்க.”

கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் பொழுது சாயும்வரை பேசினார்கள். வாரியத்தின் கோப்பில் அந்த இடம் காலியாக இருக்கிறது.